முனியாயி காலில் ஏறிய ஆணி

சுவருக்கு அந்தப் பக்கம் மங்களம் நடந்துகொண்டிருந்தாள். ஒரு கால் ஊன்றுகிற சத்தம். அதன்பின் மற்றக் கால் செருப்போடு சேர்ந்து சிமெண்டுத் தரையில் சர்ரென்று இழுபடுகிற சத்தம். புக்கிட் ரம்பாயில் கட்டிக் கொடுத்த மலிவு விலை வீடுகளுக்கு நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர்தான். அந்தப் பக்கத்துத் தாளிப்பும் தும்மலும் இந்தப் பக்கத்துக்கும் பொதுச்சொத்து. சுவருக்கும் காது உண்டு என்பார்கள். அந்தச் சுவருக்கு வாயும் இருந்தது.

முனியாயி பாயில் உட்கார்ந்து, வலது காலைத் தொடைமேல் தூக்கிப் போட்டுக்கொண்டு அதைக் கேட்டாள். அவளும் வீட்டுக்குள் அப்படித்தான் நடப்பாள். விரல்களுக்குக் கீழே, பாதம் ஊன்றுகிற சதையில், ஏதோ ஒன்று முளைத்து உள்ளே இறங்கியிருந்தது. அடி வைத்தால் உயிர் போகும். அதனால் அந்தக் காலைப் பக்கவாட்டில் சாய்த்து நொண்டுவாள்.

“கேக்குதா? நான் நொண்டுற மாதிரியே நொண்டிக் காட்டுறா,” என்றாள் கணவனிடம்.

இருளாண்டி இரவெல்லாம் ஒரு தொழிற்சாலை வாசலில் ஜாகாவாகக் காவல் காத்துவிட்டு வந்து படுத்தவர். “சும்மா இரு லா. அண்ணிக்கு வேற வேல இல்லயா?” என்று முதுகைத் திருப்பிக்கொண்டார்.

அவருக்கு அண்ணி, முனியாயிக்கு ஓரகத்தி. இருளாண்டியின் அண்ணன் தம்புசாமியின் மனைவிதான் மங்களம். ஒரு வருஷம் ஆகப்போகிறது, இரண்டு பெண்களுக்கும் நடுவில் பேச்சு இல்லை. ஆண்கள் இருவரும் காப்பிக்கடையில் பார்த்துக்கொள்வார்கள், பெண்டாட்டிமார் பேச்சை எடுக்கமாட்டார்கள். கெட்டிக்காரர்கள்.

ஓரகத்திகள் என்றால் உரசல் இருக்கும் என்று எதிர்பார்ப்பது உலக வழக்கம். ரப்பர் தோட்டத்தில் இருந்தவரை இவர்கள் அந்த வழக்கத்தைப் பொய்யாக்கினவர்கள். சுங்கை ரம்பாய் பக்கம் வெள்ளைக்கல் தோட்டத்தில் பிறந்து, அங்கேயே மரம் சீவி, அடுத்த லயத்து வரிசை வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள் முனியாயி. தாய் வீட்டுக்குக் கோபித்துக்கொண்டு போவதென்றால்கூட ஒரு முற்றத்தைத் தாண்டினால் போதும். ஆனால் கோபம் வந்த நாட்களில் அவள் போனது மங்களத்தின் அடுப்படிக்குத்தான். “வந்தியா, உக்காரு. மொதல்ல சாப்புடு, அப்பறம் அவன திட்டலாம்,” என்பாள் மங்களம். முனியாயிக்குத் தன் அம்மா கையால் சாப்பிட்ட ருசி மறந்துவிட்டது. மங்களம் கை ருசி மறக்கவில்லை.

மரம் சீவுவதில் மங்களத்துக்கு ஒரு பெயர் உண்டு. கத்தியைப் பட்டையில் வைத்தால் இழையாக வரும், உள்ளே இறங்காது. கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம். காயம்பட்ட மரம் முண்டு முண்டாக வீங்கிக்கொள்ளும், பிறகு அந்த இடத்தில் கத்தி ஏறாது. மங்களம் சீவுகிற நிரையில் முண்டு கட்டின மரம் ஒன்றைக்கூடக் காட்ட முடியாது என்று கங்காணியே சொல்லுவார். கங்காணி வாயில் நல்ல வார்த்தை வருவதென்றால் சாதாரணமா!

தோட்டத்தில் இரண்டு வீட்டுக்கும் பின்னால் ஒரே குளியலறை இருந்தது. தகரக் கதவு, வழவழவென்று பாசி படிந்த சிமெண்டுத் தரை. அது ஒருநாளும் காய்ந்து யாரும் பார்த்ததில்லை. கதவுக்கு வெளியே ஒரே ஜோடி ஜப்பான் சிலிப்பர் கிடக்கும். நீல வார் அறுந்து அதற்கு ஊசி குத்தியிருக்கும். மங்களம் குளித்துவிட்டு வந்து கழற்றிப் போட்டால் முனியாயி அந்த ஈரத்தோடே மாட்டிக்கொண்டு போவாள். உன் செருப்பு, என் செருப்பு என்று யாரும் பிரித்ததில்லை. பிரிக்கவேண்டும் என்று தோன்றினால்தானே?

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் தோட்டத்தை விற்றுவிட்டார்கள். மரங்களைத் தள்ளிவிட்டுக் கோல்ப் மைதானம் வரப்போகிறதாம். லோரி வந்து நின்ற காலையில் முனியாயி கடைசியாக ஒருமுறை அந்தக் குளியலறையில் குளித்தாள். வெளியே வந்து, பலா மரத்தடியில் முனியாண்டிக் கல்லைச் சுற்றி ஈரக்காலோடு நடந்து கும்பிட்டாள். வீட்டுக்குள் போய்ப் புடவை மாற்றிக்கொண்டு எட்டிப் பார்த்தபோது, மங்களம் அந்தக் கல்லுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்திருந்தாள். முனியாயியின் ஈரத்தடம் பதிந்த அதே இடத்தில் ஒரு கை மண்ணை அள்ளி, மஞ்சள் துணியில் முடிந்துகொண்டிருந்தாள்.

“என்னக்கா அது?”

மங்களம் நிமிர்ந்தாள். உதட்டின் குறுக்கே விரலை வைத்தாள். தலையை ஆட்டினாள். ஒரு வார்த்தை பேசாமல் முடிச்சை மடியில் செருகிக்கொண்டு லோரியில் ஏறிவிட்டாள். வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. தோட்டத்தை விட்டுப் போகிற துக்கம் என்று முனியாயி நினைத்தாள்.

புதிய வீட்டுக்கு வந்து சில மாதம் கழித்துத்தான் காலில் அந்தக் குத்தல் தொடங்கியது. துணித் தொழிற்சாலையில் நாள் முழுவதும் நின்றபடி பெட்டி கட்டுகிற வேலை. முதலில் கல் குத்தியது மாதிரி இருந்தது. பிறகு கல் உள்ளேயே தங்கிவிட்டது மாதிரி இருந்தது. திருப்பிப் பார்த்தால் காய்ப்பு மாதிரி ஒரு வட்டம், நடுவில் சொரசொரப்பு, அதற்குள் கறுப்புப் புள்ளிகள். கால் ஆணி என்றாள் ஒருத்தி. செங்கல்லைச் சுட்டு எருக்க இலை போட்டு மிதி என்றாள் இன்னொருத்தி. மிதித்தாள், கொப்புளம் வந்தது. தோட்டத்தில் ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டைச் சிலர் ஆணிக்கு வைப்பார்கள். பழைய புட்டியைத் தேடி ஒரு சொட்டு வைத்தாள். வட்டத்தைச் சுற்றியிருந்த நல்ல தோல் வெந்தது. ஆணி சவுக்கியமாக இருந்தது. இருளாண்டியின் சவரப் பிளேடால் மேலே செதுக்கிப் பார்த்தாள். ரத்தம் வந்தது. கொஞ்ச நாளில் பக்கத்திலேயே குட்டி குட்டியாக இன்னும் இரண்டு முளைத்தன.

அப்போதுதான் சாமி பார்க்கப் போனாள். கணேசமூர்த்தி என்று ஒருவர், சாமி வந்து குறி சொல்லுகிறவர். அவர் காலைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எலுமிச்சம்பழத்தை உருட்டிவிட்டு, கண்ணை மூடிக்கொண்டே கேட்டார். “கால்ல என்னா?”

“ஆணி, சாமி.”

“ஆணிதான். யாரு அடிச்சா?”

முனியாயி புடவையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். காலடி மண்ணை எடுத்து ஆணி அடித்தால் அந்த ஆள் கால் விளங்காமல் போகும் என்பது அவள் சின்ன வயதிலிருந்து கேட்ட விஷயம். கால் ஆணி என்று ஊரெல்லாம் சொல்லுகிற ஒரு சாதாரண வார்த்தை, அந்த அறையின் சாம்பிராணிப் புகையில் வேறு வார்த்தையாக மாறிவிட்டது.

“ஒரே தண்ணியில குளிச்சவ. ஒன் காலடி மண்ண எடுத்தவ. நெனச்சுப் பாரு,” என்றார் கணேசமூர்த்தி.

நினைத்துப் பார்க்க வேறு வேண்டுமா? மஞ்சள் துணி கண்முன் வந்து நின்றது. உதட்டில் வைத்த விரல் வந்து நின்றது. வீட்டுக்குத் திரும்புகிற வழியெல்லாம் முனியாயி அழுதாள். கால் வலியால் அல்ல. ‘அக்கா, நீயா?’ என்கிற ஒன்றுதான் திரும்பத் திரும்ப வந்தது.

அன்றோடு பேச்சை நிறுத்தினாள். மங்களம் கொடுத்தனுப்பிய குழம்புக் கிண்ணத்தைக் கழுவிக் காலியாகவே திருப்பி அனுப்பினாள். காலிக் கிண்ணம் அனுப்புவது அந்தக் குடும்பத்தில் இல்லாத வழக்கம், மங்களத்துக்கு அது புரிந்திருக்கும். ஆனாலும் ஒருநாள் வாசல் கேட்டுக்கு வந்து நின்றாள்.

“முனியாயி, ஆடி வெள்ளி வருது. ஒங்கிட்ட ஒன்னு குடுக்கணும். கொஞ்சம் வாயேன்.”

குடுக்கணுமா? என்ன குடுக்கப்போகிறாள்? முனியாயி பயந்து கதவைச் சாத்தினாள். சன்னல் இடுக்கு வழியாகப் பார்த்தபோது மங்களம் வெயிலில் நெடுநேரம் அப்படியே நின்றிருந்தாள். அதற்குப் பிறகு அவள் கேட்டுப் பக்கம் வரவில்லை. சில வாரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம் அந்த நொண்டல் சத்தம் ஆரம்பித்தது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். முனியாயிக்குக் காதுக்கும் அப்படியே ஆயிற்று. விடியற்காலையில் சர்ர். மத்தியானம் சர்ர். தான் எழுந்து நடந்தால் உடனே அதுவும் நடக்கிற மாதிரி இருக்கும். நின்றால் நிற்கும். சில சமயம் வேண்டுமென்றே நின்று பார்ப்பாள். ஒரு கணம் அமைதி. பிறகு அந்தப் பக்கம், தன் காலடியையே யாரோ கடன் வாங்கி நடப்பதுபோல, மெள்ள ஒரு இழுப்பு.

மகள் பவானேஸ்வரிக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. தெங்கேராவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிற பெண். “மா, காலு நோவுதுனா கிளினிக் போவணும் லா. பெரியம்மாவ சும்மா சும்மா ஏசாத. வா, எங்க கடைக்குப் பக்கத்துல டாக்டர் இருக்காங்க, தமிழ்தான்,” என்று ஒரு சனிக்கிழமை கையைப் பிடித்து பஸ்ஸில் ஏற்றிவிட்டாள்.

டாக்டர் உஷாந்தி யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பத்துப் பெண். மூக்குக் கண்ணாடி, சிறிய உருவம், குரல் மட்டும் பள்ளிக்கூட மணி. மலாய் நர்ஸ் முதலில் காலை எட்டிப் பார்த்து, “மாத்தா ஈக்கான், டாக்டர்,” என்றாள். மலாயில் கால் ஆணியை அப்படிச் சொல்வார்கள், மீன் கண் என்று அர்த்தம். முனியாயி மகளைத் திரும்பிப் பார்த்தாள். மீன் கண் மூடாது. செத்தாலும் திறந்தபடி பார்த்துக்கொண்டிருக்கும். தன் உள்ளங்காலில் அப்படி ஒன்று இருந்துகொண்டு தன்னைப் பார்க்கிறதா?

டாக்டர் கட்டை விரலால் அந்த இடத்தை நேரே அழுத்தினார். பிறகு இரண்டு பக்கமும் கிள்ளுகிற மாதிரி பிடித்து நசுக்கினார். முனியாயி “அய்யோ!” என்று துள்ளினாள்.

“பாத்தீங்களோ, பக்கத்தில நசிச்சால்தான் கூட நோகுது. ஆணி எண்டால் நேரே அமத்தினாத்தான் நோகும். இது ஆணி இல்லை அம்மா. மரு.”

“மருவா? கழுத்துல வர்றதா?”

“அந்தச் சாதிதான். காலுக்கு அடியில வந்தால் நீங்கள் மிதிச்சு மிதிச்சு உள்ளுக்குத் தள்ளிப்போடுவீங்கள். வெளியில வளர இடமில்லை. இந்தக் கறுப்புப் புள்ளியெல்லாம் சின்ன ரத்தக் குழாய் அடைச்சுக்கொண்டது, ஆணியின்ர முனை இல்லை. உங்கட காலில இருக்கிற ரேகையைப் பாருங்கோ. எல்லா இடமும் நேரே ஓடுது. இதுக்குக் கிட்ட வந்தோடன விலகிப் போகுது.”

பவானேஸ்வரி குனிந்து பார்த்து, “ஆமா மா, ஆத்துல கல்லு கெடந்தா தண்ணி சுத்திப் போற மாதிரி,” என்றாள்.

“யாரும்… வச்சிருந்தா வருமா, டாக்டரம்மா?” என்று முனியாயி இழுத்தாள்.

உஷாந்தி சிரிக்கவில்லை. அதற்காகவே முனியாயி அவரை நம்பினாள். “ஒருத்தரும் வைக்கேல்லை. இது ஒரு கிருமி. ஈரத்தரையில கிடக்கும். காலில சின்ன வெடிப்பு, கீறல் இருந்தால் உள்ளுக்குப் போகும். போய் சும்மா இருக்கும். மாசக்கணக்கா, சில பேருக்கு வருசமும் ஆகும், பிறகுதான் வெளியில தெரியும். ஒரே குளியலறை, ஒரே செருப்பு, அப்பிடி ஏதும் பாவிச்சீங்களோ?”

முனியாயி கீழே கழற்றிப் போட்ட தன் செருப்பைப் பார்த்தாள். நீல வார், ஊசி குத்தின சிலிப்பர், தகரக் கதவு. ஈரத்தோடு கழற்றிப் போடுவதும் ஈரத்தோடு மாட்டுவதும்.

“வெட்டினீங்களோ?”

“பிளேடு வச்சேன்.”

“அதுதான் குட்டி போட்டிருக்குது. வெட்டினால் ரத்தத்தோட சேர்ந்து பக்கத்துக்குப் பரவும்.”

அது முனியாயிக்கு உடனே புரிந்தது. காயம்பட்ட மரம் முண்டு கட்டுவதைப் பார்க்காத கண்ணா அது? “மரத்த காயப்படுத்துற மாதிரிதான்,” என்று முணுமுணுத்தாள்.

டாக்டர் ஒரு சின்னப் புட்டியைக் கொடுத்தார். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் காலை ஊறவைக்க வேண்டும். ஊறி வெளுத்த தோலை மட்டும் கால் தேய்க்கிற கல்லால் மெல்லத் தேய்க்கவேண்டும், ரத்தம் வரக்கூடாது. சுற்றியிருக்கிற நல்ல தோலுக்கு வாஸலின் களிம்பு தடவிவிட்டு, மருவின் மேல் மட்டும் மருந்தை வைத்து, பிளாஸ்டர் ஒட்டவேண்டும். அந்தக் கல்லை வேறு யாரும் தொடக்கூடாது, செருப்பும் துண்டும் தனி.

“எப்ப சரியாவும்?”

“கெதியில சரிவராது. மாசக்கணக்கில செய்ய வேணும். பொறுமைதான் பாதி மருந்து. அப்பிடியும் போகேல்லை எண்டால் பெரிய ஆஸ்பத்திரியில உறைய வைச்சு எடுப்பினம்.” பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார். “உங்களோட அந்தச் செருப்புப் போட்ட ஆக்களுக்கும் இருக்கலாம். இருந்தால் வரச் சொல்லுங்கோ. இனிப்புநீர், சர்க்கரை வியாதி இருக்கிற ஆக்கள் எண்டால் தாங்களாக ஒண்டும் செய்யக்கூடாது. இந்த மருந்துகூட வைக்கக்கூடாது. கத்தி, பிளேடு கிட்டவும் கொண்டு போகக்கூடாது. அவைக்குக் காலில உணர்ச்சி குறைவு. எவ்வளவு வெட்டினம் எண்டே தெரியாது. கட்டாயம் சொல்லிப்போடுங்கோ.”

மங்களத்துக்கு இனிப்புநீர் இருந்தது. தோட்டத்தில் இருக்கும்போதே.

புக்கிட் ரம்பாய் முச்சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் பவானேஸ்வரி, “பெரியம்மாகிட்ட நான் சொல்லவா மா?” என்று கேட்டாள்.

“நீ சொல்லக்கூடாது. நான்தான் சொல்லணும்.”

முனியாயி அதை மனப்பூர்வமாகத்தான் சொன்னாள். ஒரு வருஷம் வாசலைச் சாத்தினவள் அவள். மகளைத் தூது அனுப்பிவிட்டு வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தால் அது மன்னிப்பா, மருந்துச் சீட்டா? அவளே போகவேண்டும், அக்கா என்று கூப்பிடவேண்டும், காலைத் தொட்டுப் பார்க்கவேண்டும். ஆனால் போகிற அந்தக் கால் இருக்கிறதே, அது எளிதில் எழும்பவில்லை. கூப்பிட்டால் என்ன கேட்பாள்? ‘ஏண்டி பேசல?’ என்பாள். மண்ணெடுத்து ஆணி அடித்தாய் என்று நினைத்தேன் அக்கா என்று எந்த வாயால் சொல்வது? காலாவது ஆறட்டும், ஆறின காலைக் காட்டிக்கொண்டு போகலாம் என்று தள்ளிப் போட்டாள். மருந்து வைத்தாள், தேய்த்தாள், ஒட்டினாள். வெள்ளைத் தோல் சாம்பலாக உதிர்ந்தது. குட்டிகள் இரண்டும் சுருங்கின. சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மட்டும் வரவர மெதுவானது. ஊன்றுவதற்கும் இழுப்பதற்கும் நடுவில் நீண்ட இடைவெளி விழுந்தது. இப்போது அதைக் கேட்டால் முனியாயிக்குக் கோபம் வரவில்லை, கவலைதான் வந்தது. நொண்டிக் காட்டுகிறவள் இவ்வளவு நாளா காட்டுவாள்?

கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துணிந்துவிட்டாள். முகம் கழுவி, பொட்டு வைத்து, ஒரு கிண்ணத்தில் பாயசம் ஊற்றிக்கொண்டாள். காலிக் கிண்ணத்துக்குப் பதில் கிண்ணம். பின்கதவு வழியாகப் போய் வேலிப் பக்கம் நின்று, “அக்கா” என்று கூப்பிட வாயெடுத்தாள்.

அந்தப் பக்கம் கத்தி தீட்டுகிற சத்தம் கேட்டது.

அது சமையல் கத்தி இல்லை. மரம் சீவுகிற கத்தி. வளைந்த முனையைக் கல்லில் திருப்பித் திருப்பித் தேய்க்கிற அந்த ஓசையைக் கேட்டு வளர்ந்தவள் அவள், தூக்கத்தில்கூடத் தெரியும். சீவுவதற்கு ஒரு மரம்கூட இல்லாத இந்த இடத்தில் எதற்கு அந்தக் கத்தி? டாக்டர் சொன்னதெல்லாம் ஒரு நொடியில் எங்கோ போய்விட்டது. சாம்பிராணிப் புகையும் கணேசமூர்த்தியின் குரலும் அந்த இடத்துக்கு வந்து உட்கார்ந்தன. பகையில் தீட்டுகிறாள், தனக்காகத்தான் தீட்டுகிறாள் என்று அவள் உள்ளம் அடித்துக்கொண்டது. முனியாயி வந்த வழியே திரும்பி, கதவைத் தாழ் போட்டாள். கிருமியை விரட்ட ஒரு புட்டி மருந்து இருந்தது. பயத்துக்கு அப்படி ஒரு புட்டியை யாரும் கொடுக்கவில்லை.

அந்த வாரம் முழுவதும் சுவருக்கு அந்தப் பக்கம் நடமாட்டமே இல்லை. முனியாயி காதைச் சுவரில் வைத்துக்கூடப் பார்த்தாள். பிறகு ஒரு மத்தியானம் ஆம்புலன்ஸ் வந்து நின்றது. மங்களத்தைத் தூக்கிக்கொண்டு போனபோது முனியாயி தொழிற்சாலையில் நின்றபடி பெட்டி கட்டிக்கொண்டிருந்தாள். அண்ணிக்குக் காலில் புண்ணாகி ரத்தமெல்லாம் விஷமேறிவிட்டது என்று இருளாண்டி வந்து சொன்னார். மறுநாள் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக முனியாயி புடவை கட்டிக்கொண்டிருக்கும்போதே செய்தி வந்துவிட்டது.

குளிப்பாட்டுகிற பெண்களில் ஓரகத்திக்கு உரிமை உண்டு. முனியாயி கேட்காமலே கால்மாட்டில் போய் உட்கார்ந்தாள். வலது கால் கட்டுப் போட்டு மூடியிருந்தது. இடது கால் திறந்து கிடந்தது. எண்ணெய் தொட்டு அந்தப் பாதத்தைத் தடவினவள் கை அப்படியே நின்றது. விரல்களுக்குக் கீழே ஒரு வட்டம். நடுவில் கறுப்புப் புள்ளிகள். கால் ரேகைகள் கிட்ட வந்து விலகிப் போயிருந்தன. தன் காலைத் தினமும் தேய்த்துத் தேய்த்து அவளுடைய விரல்களுக்கு மனப்பாடமான அதே வட்டம். அந்த மீன் கண் மூடவில்லை, அவளையே பார்த்தது.

“என்னா முனியாயி, தண்ணி ஊத்து,” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

முனியாயி அந்தக் காலை மார்போடு அணைத்துக்கொண்டு கதறினாள். ஒரு வருஷம் பேசாதவள் இப்படி அழுகிறாளே என்று கூடியிருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று யாராவது மனதுக்குள் சொல்லியிருந்தால், அதில் தப்பும் இல்லை.

காரியமெல்லாம் முடிந்து ஆள் கலைந்த பிறகு தம்புசாமி இந்தப் பக்கம் வந்தார். கையில் ஒரு சின்னப் பித்தளைச் சொம்பு. அதற்குள் மஞ்சள் துணி முடிச்சு.

“இது ஒனக்கு,” என்றார். “நம்ம முனியாண்டிக் கல்லடியில எடுத்த பிடிமண்ணு. தோட்டத்த இடிச்சிருவானுங்க, சாமி அனாதையா போயிரும்னு எடுத்துக்கிட்டு வந்தா. அவங்க அம்மா வீட்டு வழக்கம், பிடிமண்ணு எடுத்தா எறக்கி வைக்கிறவரைக்கும் வாய தொறக்கக்கூடாதாம். லோரியில எங்கிட்டகூட பேசல. பாதி எங்க வீட்டு சாமி மாடத்துல வச்சா. பாதி ஒனக்குன்னு முடிஞ்சு வச்சா. ஆடி வெள்ளியில குடுக்கணும்னு வந்தா, நீ கதவ சாத்திட்டியாம்.”

முனியாயியால் கையை நீட்ட முடியவில்லை. இருளாண்டிதான் வாங்கி வைத்தார்.

“காலு… எப்பத்துல இருந்து மாமா?” என்று மட்டும் கேட்டாள்.

“வருசமாவுது. செருப்பு கால்ல இருக்கா இல்லயானே தெரியாம இழுத்துக்கிட்டு நடப்பா. ஆணினு சொல்லி நம்ம மரம் சீவுற கத்தியாலயே சீவிக்கிட்டா. வலிக்கவே இல்லனு சிரிச்சா, பாவி. ரொம்ப ஆழமா போயிருச்சு.” அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “அதுக்கு முன்னாடி நான் சொன்னேன், எல்லாரும் கணேசமூர்த்திகிட்ட போறாங்களே, சாமி பாத்துட்டு வருவோம்னு. வர மாட்டேன்னுட்டா. ‘அங்க போனா அவன் முனியாயி பேரத்தான் சொல்லுவான். அத என் காதால கேக்க மாட்டேன்’னு சொல்லிட்டா.”

தம்புசாமி கொஞ்ச நாளில் ஜொகூரில் இருக்கும் மகனிடம் போய்விட்டார். வீடு பூட்டிக் கிடந்தது.

முனியாயி மருந்தை விடவில்லை. பாதியில் விட்டால் அது ஒரு பாவம் என்கிற மாதிரி தினமும் ஊறவைத்தாள், தேய்த்தாள், ஒட்டினாள். மழைக்காலம் வந்து போனது. ஒருநாள் பிளாஸ்டரை எடுத்துப் பார்த்தபோது வட்டம் இல்லை, புள்ளிகள் இல்லை. விலகிப் போயிருந்த ரேகைகள் ஒன்றோடொன்று சேர்ந்து நேராக ஓடின. உஷாந்தி கண்ணாடி வைத்துப் பார்த்து, “நல்லா மாறிப்போச்சுது. இனி நேரே நடவுங்கோ,” என்றார். முனியாயி தலையாட்டினாள். வீட்டுக்கு நேராகத்தான் நடந்து வந்தாள். வலி ஒரு துளி இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலம் பவானேஸ்வரி வேலைவிட்டு வந்தபோது அம்மா அடுப்படியில் இல்லை. சாமி மாடத்தில் பித்தளைச் சொம்புக்கு முன்னால் விளக்கு எரிந்தது. அம்மா சுவர் ஓரத்தில் உட்கார்ந்து, நெற்றியைச் சுவரில் வைத்துக்கொண்டு மெதுவாகப் பேசிக்கொண்டிருந்தாள்.

“வெட்டாதக்கா. அது ஆணி இல்லக்கா, மரு. ஒனக்கு இனிப்புநீர் இருக்கு, கத்திய கீழ வச்சிரு. வா, நானே கூட்டிட்டுப் போறேன். தெங்கேராவுலதான். ஒரே பஸ்ஸு.”

“மா, யாருகிட்ட பேசற?” என்றாள் மகள், வாசற்படியிலேயே நின்று.

முனியாயி கையைத் தூக்கி, உதட்டின் குறுக்கே விரலை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு கால் ஊன்றுகிற சத்தம் அவளுக்குக் கேட்டிருந்தது. மற்றக் காலுக்காக அவள் காத்துக்கொண்டிருந்தாள்.